இரண்டாவது ஞானரட்ணம்

லா சப்பல், பாரிஸ்
11 பெப்ரவரி 2019

அன்பு மகள் ஷிரோமிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நான் போனில் சொல்லும் கதை அடுத்த கிழமை வேறு கதையாகிவிடுகிறது, எழுதினால் மாறாது என்று நீ சொன்னாயே, அதற்காகத்தான் இந்தப் பாடு. றொமேஷின் கடையில் ரொட்டிக்கு மா குழைக்கிற மேசையைத் துடைத்துவிட்டுக் காலமை ஏழரைக்கே இருந்துவிட்டேன். இதில் எனக்கும் ஒரு வசதி. கடிதத்தில் நீ என்னை இடைமறிக்க ஏலாது.

நல்ல சேதி முதலில். செப்ரெம்பரில் நீ டொக்டர் பட்டத்துக்கு மேடையேறும்போது உன் அப்பா முன்வரிசையில் இருப்பார். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர் தங்குவதற்கு இங்கே வீடு உண்டு என்று நகரசபை மேறிப் பத்திரம் ஒன்று வேண்டும், அதைத் தன் பெயரில் எடுத்துத் தருவதாக உன் பேராசிரியர் சொன்னார் என்றாய். ஏன் பிள்ளை? சொந்தத் தம்பி கார்ஜ் லே கொனெஸில் இரண்டு அறை வீட்டோடு இருக்க, அண்ணைக்கு வெள்ளைக்காரன் வீட்டுப் பத்திரமா? நானே மேறிக்குப் போனேன், நானே நிரப்பினேன். அங்கிருந்த பெண், "மிஸ்யே, இவ்வளவு அழகான கையெழுத்தை நான் கண்டதில்லை" என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். புஸ்பராணி பக்கத்தில்தான் நின்றாள். அந்தப் பெண் எழும்பினது தண்ணி குடிக்க என்கிறாள் உன் சித்தி. அவளுக்கு என்ன தெரியும்.

லா சப்பல் முழுக்கச் சொல்லியாயிற்று. "என்ரை பெறாமகள் கோதுமைக்கு டொக்டர்" என்றேன். வாசலில் மரக்கறி விற்கிற குகதாசன் கேட்டான்: "கோதுமைக்கு என்னண்ணை வருத்தம்?"

"உனக்கு வாற வருத்தம் எல்லாம் வரும். வாய் மட்டும் இல்லை" என்றேன்.

ஆனால் மகள், உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கும் சரியாகத் தெரியாது. முப்பது வருடம் கோதுமை மாவில் கை வைத்தவன் நான். தொட்டாலே எந்த வயல், எந்த மழை என்று சொல்லிவிடுவேன். வருத்தம் என்னவென்று மட்டும் நீ எழுது. அடுத்த வருடம் மார்ச்சில் எனக்கு அறுபத்திரண்டு, ஓய்வு. என் முழங்கால் இப்போதே நாளை எண்ணுகிறது. அதற்குப் பிறகு உன் கோதுமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசலாம் என்றிருக்கிறேன்.

கடைக்குப் புதிதாக வந்த பையன்கள் நான் பிரான்சுக்கு வந்த கதையைக் கேட்டார்கள். சொன்னேன். பேர்லின் எல்லையில் அந்த ஐந்து நாய்கள் துரத்தின இடத்தில் ஒருவன் அழுதுவிட்டான்.

அன்புடன்,
சித்தப்பா

&nbsp;

கிளெர்மோன் பெரோன்
19 பெப்ரவரி 2019

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் மேசையில் மா கொட்டியது. என் ஆய்வுகூடத்துக்கு அதுவும் கோதுமைதான், கோபமில்லை. ஆனால் போன நத்தார் பண்டிகைக்கு நீங்கள் சொன்னபோது நாய்கள் மூன்றுதான் இருந்தன.

வருத்தத்தின் பெயர் மஞ்சள் துரு. ஒரு பூஞ்சை. இலையில் கோடு கோடாக மஞ்சள் பொடி பூக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். காற்றில் ஏறி நாடு விட்டு நாடு போகும். ஒரு வயலுக்குள் வந்தால் கதிர் நிரம்பாது. சில கோதுமைகளில் மட்டும் அது ஏறுவதில்லை. ஏன் ஏறுவதில்லை என்பதுதான் என் நான்கு வருட வேலை.

விடை ஒரு மரபணுவில் இருக்கிறது. அதாவது செடிக்குள் எழுதியிருக்கும் ஒரு கட்டளை. தலைமுறை தலைமுறையாக அது பிரதியெடுக்கப்படும்போது எப்போதோ ஒரு முறை தவறு நடக்கும். ஒன்று இரண்டாகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு. அவற்றில் ஒன்று பழைய வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கும். மற்றதற்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் அது மாறலாம், யாருக்கும் நட்டமில்லை. மாறி மாறிப் பெரும்பாலும் கெட்டு, ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும். எப்போதாவது ஒன்று நோய்க்குக் காவலாக மாறிவிடும்.

இதில் நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். இரண்டு பிரதிகளும் அவ்வளவு ஒற்றுமை. கணினி இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒட்டிவிட்டது. அந்த ஓர் இடத்தில் மட்டும் எல்லாக் கணக்கும் இரட்டிப்பாக வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பிழை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். நீளமாக வாசிக்கும் கருவி வந்த பிறகுதான், அங்கே இருப்பது ஒருவரல்ல, இருவர் என்று தெரிந்தது.

இதை ஊருக்குச் சொல்லும்போது நாய்களைச் சேர்க்காதீர்கள். அப்பாவின் பத்திரத்தில் கவனம். அவர் இதுவரை விமானம் ஏறியதே இல்லை, தெரியும்தானே. நான் விழாவுக்குக் கூப்பிட்டேன். மறுநாள் போய்ச் சப்பாத்து வாங்கியிருக்கிறார்.

அன்புடன்,
ஷிரோமி

&nbsp;

லா சப்பல்
8 மார்ச் 2019

அன்பு மகளுக்கு,

கோதுமை விளங்கிவிட்டது. விளங்கின கையோடு குகதாசனுக்கும் விளக்கினேன். அவன் இப்போது தக்காளியைக்கூட இரண்டு இரண்டாகத்தான் பார்க்கிறான்.

மேறியில் ஒரு சின்னச் சிக்கல். பெரிதாக எடுக்காதே. பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் என்ற இடத்தையும் விருந்தாளி என்ற இடத்தையும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் ஞானரட்ணம். இரண்டிலும் பிறந்த திகதி 1958 மார்ச் 14. இரண்டிலும் பிறந்த ஊர் ஒன்று. நேரில் போனேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மிஸ்யே, நீங்கள் உங்களையே உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்திருக்கிறீர்கள்" என்றாள்.

இது என்னவென்று எனக்கு உடனே பிடிபட்டது. உன் கணினிக்கு வந்த அதே வருத்தம்! இரண்டு பேரை ஒன்றாக ஒட்டியிருக்கிறது. அப்படியே அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கோதுமையில் தொடங்கி நாற்பது நிமிடம் பேசினேன். பின்னால் நின்ற வரிசை கைதட்டியது.

எதற்கும் ஒரு சுலபமான வழி சொல்கிறேன். அண்ணை அங்கே கொழும்பில் ஆரையும் பிடித்து, பிறந்த திகதியில் ஒரு இலக்கத்தைச் சற்று மாற்றினால் எல்லாம் ஓடிவிடும். நான் சொன்னதாகச் சொல்லாதே.

சித்தப்பா

&nbsp;

கிளெர்மோன் பெரோன்
14 மார்ச் 2019

சித்தப்பா,

இன்று அப்பாவின் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்லத்தான் போன் எடுத்தேன்.

உங்கள் பெயர் பாக்கியரட்ணம். ஞானரட்ணம் அப்பாவின் பெயர். வீட்டில் எல்லோரும் பாக்கியம் என்பார்கள். லா சப்பலில் "ஞானம் அண்ணை" என்று உங்களைக் கூப்பிடுவது ஏதோ பட்டப்பெயர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பத்திரத்தைக் கணினி நிரப்பவில்லை. நீங்கள் நிரப்பினீர்கள். கையெழுத்து அழகென்று எழுதியதும் நீங்கள்தான்.

அப்பாவிடம் கேட்டேன். "அதை அவனிட்டைக் கேள் பிள்ளை" என்றார். போனை வைத்துவிட்டார்.

வேறு யாரிடமும் பத்திரம் வாங்கிப் பயனில்லை. ஞானரட்ணம் என்பவர் முப்பது வருடமாகப் பிரான்சில் வாழ்கிறார் என்று பதிவில் இருக்கும்போது, அதே ஞானரட்ணத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வர யார் விசா கொடுப்பார்கள்? அதைவிட, அப்பா தன் பிறந்த திகதியை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவா மாற்ற வேண்டும்?

உண்மையை எழுதுங்கள். எழுத்து மாறாது.

ஷிரோமி

&nbsp;

லா சப்பல்
24 மார்ச் 2019

மகள்,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் அண்ணையும் நானும் இரட்டையர். இரண்டாவதில் ஒரு அதிகாரி என் அறிவைக் கண்டு எனக்குப் பெயர் மாற்றிவைத்தார். மற்ற இரண்டையும் உனக்குச் சொல்ல மாட்டேன், மூன்றாவது நல்லாய் இருந்தது. புஸ்பராணி வாசித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

1986. அந்தப் பாஸ்போட் அண்ணையுடையது. பிரான்சுக்கு வர இருந்தது அவர். பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்துப் பெடியளைப் பிடித்தார்கள். என்னையும் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். அடுத்த முறை விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணை பாஸ்போட்டை என் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். முகம் ஒன்றுபோல் இருக்கும். "நீ போ. நான் வாத்தி, என்னைப் பிடிக்க மாட்டாங்கள்" என்றார்.

பிடித்தார்கள். நான்கு மாதம் வைத்திருந்தார்கள். நான் அப்போது இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

நாய் ஒன்றும் இல்லை. பேர்லினில் ரயிலில் ஜன்னல் ஓரம் இருந்து வந்தேன். அதிகாரி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போனான். அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஆர் கேட்பார்கள்? அண்ணை தந்த கடதாசியில் சும்மா குந்தியிருந்து வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் நாய் வந்தது.

பத்திரத்தை நிரப்பும்போது எனக்கு மறந்துவிட்டது, மகள். இது சத்தியம். வீட்டுக்காரர் பெயர் என்றிருந்தது, எழுதினேன். விருந்தாளி பெயர் என்றிருந்தது, எழுதினேன். இரண்டும் ஒரே பெயர் என்று என் கண்ணுக்கு உறைக்கவில்லை. அந்தப் பெயருக்குள் அவ்வளவு காலம் இருந்திருக்கிறேன்.

இதைப் போய்ச் சொன்னால் என் பத்து வருட வதிவிடக் கார்ட் என்னாகும் என்று தெரியாது. அது போனால் வீடு போகும், புஸ்பராணியின் கார்டும் என்னோடு கட்டியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. நான் உண்மையில் பிறந்தது 1961இல். சரியாக்கினால் அடுத்த மார்ச்சில் ஓய்வு இல்லை. இன்னும் மூன்றரை வருடம் ரொட்டி சுடும் தட்டின் சூட்டில் நிற்க வேண்டும்.

பயமாக இருக்கிறது. இவ்வளவுதான்.

பாக்கியரட்ணம்

&nbsp;

கிளெர்மோன் பெரோன்
2 ஏப்ரல் 2019

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் சொந்தப் பெயரில் எனக்கு வந்த முதல் கடிதம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்பாவோடு பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன்ரை கார்ட் போச்சுதெண்டால் எனக்கு அங்கை வந்து என்ன விழா? நான் கொம்பியூட்டரிலை பாக்கிறன். அவனை ஒண்டும் செய்யச் சொல்லாதை." அதனால் நானும் கேட்கவில்லை. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் நீங்கள் என் சித்தப்பாதான். இது பேச்சுக்கு எழுதியதல்ல.

போன கிழமை ஒரு முடிவு வந்தது. உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் போலிருந்தது. என் குறிப்பேட்டில் இரண்டு பிரதிகளுக்கும் இப்போது பெயர் உண்டு. பழைய வேலையைச் செய்கிறது ஞா. மற்றது பா.

பா செத்த பிரதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பழைய வேலையில் ஒரு துண்டுகூட அதற்குச் செய்ய வராது. சரி, எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று பாவை எடுத்தோம். பன்னிரண்டாம் நாள் இலை முழுக்கத் துரு. வேறு செடியில் ஞாவை எடுத்தோம். அதிலும் துரு. இரண்டும் இருந்த செடி மட்டும் பச்சையாக நின்றது.

என் ஊகம் இதுதான், இன்னும் நிறுவவில்லை. பூஞ்சை வந்து ஞாவைத் தேடுகிறது. பாவும் அதே சாயல் என்பதால் அதைப் பிடிக்கிறது. பிடித்த உடனே பக்கத்தில் நிற்கும் ஞா செடியை எழுப்பிவிடுகிறது. பா அங்கே நிற்பது பிடிபடத்தான். எத்தனை முறை மாறினாலும் அந்தச் சாயலை மட்டும் அது விடவில்லை.

1986இல் அப்பா தன் பெயரைக் கொடுத்திராவிட்டால், நான் பாரிசில் வந்து இறங்கியபோது குளிர்ச்சட்டையோடு ஸ்ரேசனில் யார் நின்றிருப்பார்கள்? அந்தச் சட்டை எனக்கு இரண்டு மடங்கு பெரிது, அதையும் சொல்ல வேண்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். சித்திக்கு என் அன்பு.

ஷிரோமி

&nbsp;

லா சப்பல்
16 மே 2019

அன்பு மகளுக்கு,

போய்ச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பங்குக் கோவிலுக்குப் பின்னால் ஒரு அறையில் வியாழக்கிழமைகளில் மதாம் பியட்றிஸ் என்று ஒரு புதுச்சேரி அம்மா இருப்பார். சட்டம் படித்தவர். கடதாசிச் சிக்கல்களுக்கு உதவி செய்கிறார். நான் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். என் எழுத்தில் அதுதான் சிறந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"மிஸ்யே, இந்த நாய்ங்க எல்லாம் நிஜமா வந்துச்சா?"

"ஒரு நாய் வந்திருக்கலாம், மதாம்."

"எடுத்துடுவோம். அதிகாரிக்கு நாய் வேணாம். புயல்?"

"அதையும் எடுக்கலாம்."

இப்படியே வெட்டி வெட்டி நான்கு பக்கம் இவ்வளவு ஆகிவிட்டது. உனக்கும் ஒரு பிரதி எழுதுகிறேன்:

"என் பெயர் பாக்கியரட்ணம். நான் 1961 ஓகஸ்ட் 3ஆம் திகதி பிறந்தேன். 1986இல் என் அண்ணன் ஞானரட்ணம் தன் பாஸ்போட்டை எனக்குத் தந்தார். அதில் வந்தேன். இன்றுவரை அவர் பெயரில் வாழ்ந்தேன். அவர் இப்போது தன் மகளைப் பார்க்க வர வேண்டும். அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்."

என்னிடம் இருக்கிற கடதாசியில் எல்லாம் நான் ஞானரட்ணம். பாக்கியரட்ணம் என்று ஒருவன் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று மதாம் கேட்டார். புஸ்பராணிதான் சொன்னாள். தொண்ணூற்றொன்றில் எங்களுக்கு இரண்டு கலியாணம் நடந்தது. மேறியில் ஒன்று, கோவிலில் ஒன்று. மேறியில் ஞானரட்ணம் என்று கையெழுத்து வைத்தவன், கோவிலில் சுவாமியார் பெயர் கேட்டபோது, பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்லப் பயந்து, பாக்கியரட்ணம் என்றுவிட்டேன். புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. இந்த நாட்டில் நான் உண்மை சொன்ன ஒரே இடம் அது. அந்தப் பக்கத்தை மதாம் படியெடுத்து வைத்துவிட்டார். ஊரில் இருந்து ஞானஸ்நானப் பத்திரத்தை அண்ணை அனுப்புகிறார்.

உன் சித்திக்குத்தான் பெரிய சந்தோஷம். "முப்பது வருசமாக் கடதாசியிலை நான் உங்கடை அண்ணற்றை பெண்சாதி. இப்பவாவது உங்களைக் கட்டுவம் எண்டு பாத்தன்" என்கிறாள்.

கார்ட் நிற்குமா போகுமா என்று மதாமும் சொல்லவில்லை. காத்திருக்க வேண்டுமாம். கடையில் நானே சொன்னேன், மற்றவர் வாயால் வரட்டும் என்று விடவில்லை. றொமேஷ், "அப்ப அண்ணை, மூண்டு வயசு குறைஞ்சிட்டியள், தலைமயிரும் திரும்ப முளைக்குமோ?" என்று கேட்டான். குகதாசனுக்கு நாய்கள் இல்லை என்பதுதான் கவலை.

சித்தப்பா

&nbsp;

கிளெர்மோன் பெரோன்
5 செப்ரெம்பர் 2019

அன்புள்ள சித்தப்பா,

விசா வந்துவிட்டது! வீட்டுக்காரர்: பாக்கியரட்ணம். விருந்தாளி: ஞானரட்ணம். அந்தப் பத்திரத்தின் படத்தை அப்பா எனக்கு மூன்று தடவை அனுப்பிவிட்டார், ஒவ்வொரு தடவையும் விரலோடு.

புதிய கார்ட் வரும்வரை உங்களுக்கு மூன்று மாதக் கடதாசி கிடைத்ததாகச் சித்தி சொன்னார். நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. பெருமையடிக்காமல் விட்டதை நினைத்தால் பயமாக இருக்கிறது, உடம்பு சுகம்தானே?

27ஆம் திகதி, பிற்பகல் இரண்டு மணி. பேச்சு முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது இங்கே வழக்கம். நாற்பது பேர். உங்கள் ரொட்டி இல்லாமல் நான் பட்டம் வாங்கமாட்டேன்.

ஷிரோமி

&nbsp;

லா சப்பல்
24 செப்ரெம்பர் 2019

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. அண்ணையின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவரும் புஸ்பராணியும் நாளை ரயிலில் வருகிறார்கள். நான் மாவோடும் தட்டோடும் வியாழன் றொமேஷின் வானில் வருவேன். நாற்பது பேர் என்றாய். நான் நூற்றிருபதுக்குக் குழைக்கிறேன். கிளெர்மோனில் இதுவரை எவனும் கண்டிராத ரொட்டி அது. ஊரே திரண்டு வரும், பார்.

விமான நிலையத்தில் அண்ணை கண்ணாடிக் கதவால் வந்தபோது எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. மெலிந்திருந்தார். புதுச் சப்பாத்து. என்னைப் பார்த்துவிட்டு, "என்ன பாக்கியம், இவ்வளவு மொத்தமா இருக்கிறாய், இனி என்ரை பாஸ்போட்டிலை வரேலாது" என்றார். ஆர் முதலில் அழுதது என்று உன் சித்தியிடம் கேட்காதே, அவள் கூட்டிச் சொல்லுவாள்.

நீ எழுத்து மாறாது என்கிறவள். அதனால் இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலமை அண்ணையைக் கடைக்குக் கூட்டிவந்தேன். மூலை மேசையில் இருத்தி, என் கையால் ஒரு முட்டை ரொட்டி போட்டுக் கொடுத்தேன். திரும்பித் தட்டுக்கு வந்து அடுத்த ரொட்டியை வீசிக்கொண்டிருந்தேன். கடை நிரம்பியிருந்தது. றொமேஷ் உள்ளே இருந்து, எல்லாவற்றையும் மறந்துபோய், பழைய பழக்கத்தில் கத்தினான்:

"ஞானரட்ணம் அண்ணை!"

முப்பத்துமூன்று வருடமாக அந்தப் பெயருக்கு என் வாய் தானாகத் திறக்கும். திறந்துவிட்டது. ரொட்டி கையில் தொங்கியது. நான் வாயை மூடினேன்.

மூலை மேசையில் அண்ணை தலையை நிமிர்த்தினார். வாயில் இருந்ததை விழுங்கினார்.

"ஓம்" என்றார்.

சித்தப்பா
பாக்கியரட்ணம்